நீல மையில் ஒரு கையெழுத்து

தாண்டவராயனின் மேசைமேல் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்றில் பச்சை மை, மற்றதில் நீல மை. இந்த இரண்டு பேனாக்களை வைத்துக்கொண்டுதான் மனிதர் பதினாறு வருஷமாகக் கட்சியின் மாவட்டச் செயலாளராக இருந்து எல்லாரையும் ஆட்டி வைக்கிறார் என்று சொன்னால் அரசியல் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் மேசையிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமைதோறும் காலை எட்டு மணிக்குத் திண்டிவனம் செஞ்சி ரோட்டில் இருக்கும் தன் அலுவலகத்தில் அவர் மனு வாங்குவார். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், ஹாஸ்டலில் இடம், மகளை அடிக்கிற மருமகன் மேல் நடவடிக்கை என்று சனங்கள் வரும். ஒருவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. உதவியாளர் மணிமாறன் லெட்டர்பேடில் டைப் அடித்துக் கொண்டுவந்து வைப்பார். எல்லாக் கடிதத்திலும் ஒரே வாசகம்: மனுதாரர் எனக்கு நன்கு அறிமுகமானவர், இவரது கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன். வித்தியாசமெல்லாம் கீழே விழும் கையெழுத்தில்தான். பச்சையில் போட்டிருந்தால் இன்றைக்கே செய் என்று அர்த்தம். நீலத்தில் போட்டிருந்தால், வந்தவர் மனம் நோகக்கூடாது என்று போட்டேன், நீ ஒன்றும் செய்யாதே என்று அர்த்தம். மாற்றலாகி வருகிற அதிகாரிகளுக்கு முதல் வாரத்திலேயே யாராவது இதைக் காதில் போட்டுவிடுவார்கள். மனு கொடுக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது.

முடியாது என்று நேரே சொல்லித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் ஒரு வீட்டு ஓட்டு போய்விடும். நீலத்தில் போட்டுக் கொடுத்தால் அந்த வீடே கும்பிட்டுவிட்டுப் போகும். காரியம் நடக்காவிட்டால் அதிகாரியைத்தான் திட்டும், தாண்டவராயனைத் திட்டாது. பத்துக்கு எட்டுக் கடிதம் நீலம். அந்தப் பேனாவுக்கு வாரம் ஒருமுறை மை ஊற்ற வேண்டியிருக்கும். பச்சை மையோ ஒரு புட்டி வாங்கினால் வருஷம் முழுக்க வரும். இரண்டையும் எதிரே இருக்கும் மாசிலாமணி ஸ்டோர்ஸில்தான் வாங்குவார்கள். ரோட்டைத் தாண்டினால் கடை.

அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். வரிசையில் ஏழாவதாக ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் காலமாகையால் நகக்கண்ணெல்லாம் செம்மண். பெயர் ஜெசிந்தா, ஒலக்கூர் பக்கத்துக் காலனி என்றாள். தாண்டவராயனுக்கு அவளை நினைவில்லை. ஆனால் அவள் ஒயர்கூடையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருடைய லெட்டர்பேடு. பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அசலைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு, கலர் ஜெராக்ஸ் எடுத்து, அதை லேமினேஷன் செய்து வைத்திருந்தாள். கீழே அவர் கையெழுத்து நீலமாக இருந்தது.

அழாமல்தான் பேசினாள். ஒரே மகன் அருள், இருபத்து மூன்று வயது, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். விழுப்புரத்தில் ஏஜென்ட் வேலை பார்த்த தேவா என்பவன் மூலமாகப் போன வருஷம் வெளிநாடு போனான். குளிர் நாடு. கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை என்றார்கள். நாட்டின் பெயர் அவள் நாக்கில் சரியாக வரவில்லை. வந்துதான் என்ன ஆகப்போகிறது? சண்டை போடுகிற நாடுகளுக்குப் பெயர்தான் வேறு வேறு, எல்லாவற்றுக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைதான் வேண்டும். நாலு மாதம் பெட்டி அடுக்கினான். அப்புறம் புரியாத பாஷையில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் பட்டாளத்து உடுப்பைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பள்ளம் வெட்டினான், பெட்டி பெட்டியாகக் குண்டு சுமந்தான், செத்தவர்களை இழுத்துவந்து போட்டான். வருகிற வெள்ளிக்கிழமை அவனை முன்வரிசைக்கு அனுப்பப்போகிறார்களாம். அங்கே போன யாரும் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லையாம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாவது அவன வெளிய எடுத்துடுங்க ஐயா," என்றாள். "முன்ன நீங்க குடுத்த லெட்டர வெச்சிக்கினுதான் இத்தினி நாளு தைரியமா இருந்தேன். உங்க கையெழுத்து இருக்குதுன்னா ஒண்ணும் ஆவாதுன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க."

தாண்டவராயன் லேமினேஷனைக் கையில் எடுத்துப் படித்தார். காவல்துறையில் ஓர் அதிகாரிக்கு எழுதிய கடிதம். மனுதாரரின் மகனை ஏஜென்ட் ஒருவர் போர் நடக்கும் நாட்டுக்கு அனுப்ப முயல்வதாகவும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பதாகவும் மனுதாரர் அஞ்சுகிறார், விசாரித்து ஆவன செய்யவும். ஆக, மகன் போவதற்கு முன்னாலேயே இவள் வந்திருக்கிறாள். போர் என்று டி.வி.யில் கேட்டுவிட்டுப் பயந்துபோய், பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள் என்று இதே மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.

படிக்கப் படிக்க அந்தக் காலை அவருக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இந்த அறையில் அவரும் மணிமாறனும் மட்டும் இல்லை. சன்னலோரம் கைகட்டிக்கொண்டு தேவா நின்றிருந்தான். அவன் கட்சியில் இளைஞர் அணி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மாநாடு, அறுபது வேன் ஆள் கொண்டுவருகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தான். மனுவில் யார் பெயர் இருக்கிறது என்று படித்ததும் தாண்டவராயன் நிமிர்ந்து தேவாவைப் பார்த்தார். தேவா சிரித்தான். அவர் நீலப் பேனாவை எடுத்தார். யோசிக்கக்கூட இல்லை. அறுபது வேனுக்கு முன்னால் ஒரு பாஸ்போர்ட் எந்த மூலைக்கு? நீலக் கையெழுத்தைப் பார்த்த அதிகாரி, விசாரித்ததில் புகாரில் உண்மை இல்லை என்று பத்து நாளில் எழுதி மூடிவிட்டார், பையனும் விமானம் ஏறிவிட்டான். சொன்னபடியே அறுபது வேன் வந்தது. மாநாடு பெரிய வெற்றி என்று எல்லாப் பேப்பரிலும் போட்டார்கள்.

அவர் எழுந்தார். வண்டியை எடுக்கச் சொன்னார். வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள், மணிமாறன் வாயைத் திறந்து அதைச் சொல்லவும் செய்தார். தாண்டவராயன் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணையும் வண்டியில் ஏறச் சொன்னார். ஜெசிந்தா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் மணிமாறன் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தாள். செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவர் இரண்டு தடவை சொல்லியும் அவள் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் தேவாவுக்குப் போன் போட்டார். அவன் இப்போது சென்னையில் இருக்கிறான், முன்பைவிடப் பெரிய ஆளாகிவிட்டான். தலைவரே, ஏத்தி விடறதோட என் வேலை சரி, அங்க போய் அவன் எதுல கையெழுத்துப் போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவனைத் திட்டலாம், கட்சியை விட்டே தூக்கலாம். தூக்கினால் வெள்ளிக்கிழமை வராமல் போய்விடுமா? தாண்டவராயன் போனை வைத்துவிட்டார்.

அடுத்து டெல்லி. எம்.பி.யாக இருக்கும் கட்சிக்காரர் ஒருவர், தாண்டவராயன் ஆள் அம்பு கொடுத்து ஜெயிக்க வைத்தவர், மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார். முழுதும் கேட்டார். அடடா என்றார், பாவமே என்றார். ஒரு லெட்டர் அனுப்பிடுங்கண்ணே, நான் பர்சனலா பார்த்துக்கறேன் என்றார். அந்தப் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவ்வளவு கனிவு. ஆனால் தாண்டவராயன் முப்பது வருஷம் அதே குரலில் பேசியவர். தனக்குக் கிடைத்தது எந்த மை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது, கண்ணாடியில் கட்சிக்கொடியைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர்கள் கும்பிட்டார்கள். பழக்கத்தில் அவரும் கையை உயர்த்தினார். பின் சீட்டிலிருந்து ஜெசிந்தா அதைப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு பேர் உங்களுக்குக் கும்பிடு போடறாங்க ஐயா என்று நிம்மதியாகச் சொன்னாள். அந்த நிம்மதி அவரைக் குத்தியது.

விழுப்புரத்தில் கலெக்டர் உடனே உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், நல்லவர். ஜெசிந்தாவை உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் தன் கைப்பட எழுதிக்கொண்டார். சென்னைக்குப் பேசினார், டெல்லிக்கு மெயில் அனுப்பினார், அதன் நகலையும் எடுத்துக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் ஒரு மாவட்டத்தால் என்ன முடியுமோ அத்தனையும் செய்தார். செய்து முடித்துவிட்டு, தூதரகம் அந்த நாட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வாரங்கள் ஆகும், மாதங்கள்கூட ஆகலாம், வெள்ளிக்கிழமைக்குள் என்றால் நான் பொய் சொல்ல விரும்பவில்லை சார் என்றார். உங்கள் கடிதம் ஒன்று கூட இருந்தால் நல்லது, அதையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். தாண்டவராயனுக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாக இருந்தது. எத்தனை சுலபமாக முடியாது என்று சொல்லிவிட்டார், அதிலும் மரியாதை கெடாமல்.

திரும்பும்போதுதான் அவர் அதிகாரத்தைப் பற்றி யோசித்தார். அறுபத்து நாலு வயதில், இரண்டு தடவை சட்டமன்றத்துக்குப் போய் வந்த பிறகு, இதை யோசிக்க இவ்வளவு தாமதமா என்று கேட்டால், அதிகாரம் கையில் இருக்கிறவன் அதைப் பற்றி யோசிக்க மாட்டான், அதுதான் அதன் சுகமே. தன்னால் என்னென்ன முடியும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒரு மாற்றலை நிறுத்த முடியும். ஒரு வழக்கை நிறுத்த முடியும். மரக்காணம் பக்கம் மீனவர் குப்பத்துக்கு வரவேண்டிய ரோட்டை ஆறு வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறார், போன தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போடவில்லை என்பதற்காக. ஆகக்கூடிய காரியத்தை ஆகாமல் வைத்திருப்பது, அது ஒன்றுதான் இத்தனை வருஷமும் அவர் கையில் இருந்த பலம். சனங்கள் அதைப் பார்த்துத்தான் பயந்தார்கள், கும்பிட்டார்கள். நிறுத்துவதில் அவ்வளவு கெட்டிக்காரரான தன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமையை நிறுத்த முடியவில்லையே என்று நினைத்தார்.

போரைப் பற்றி அவர் நிறையப் பேசியிருக்கிறார். அவரை மேடைப் பேச்சாளராக்கியதே போர்தான். கடலுக்கு அந்தப் பக்கம் நம் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த வருஷம், திண்டிவனத்தில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து மணிக்கு எலுமிச்சைச் சாறு குடித்து முடித்துக்கொண்டார். ஆனாலும் அன்றைக்கு அவர் அழுதது நிஜம், அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு, அழுகை எந்த இடத்தில் வந்தது, எந்த வரியில் கூட்டம் கைதட்டியது என்று அவருக்குப் பாடமாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுங்கள் என்று முழங்குவார். யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் கேட்பார். அவர் வீட்டுப் பிள்ளைக்கு, போர்க்களத்தில் ஜெயித்த பாண்டியன் பெயர் என்று பெருமையாக நெடுஞ்செழியன் என்று பெயர் வைத்தார். அவன் ஆஸ்திரேலியாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், வெயில் ஆகவில்லை என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைகூட இந்தப் பக்கம் வருவதில்லை.

"மாநாட்டுல நீங்க பேசனத நான் கேட்டங்க ஐயா," என்றாள் ஜெசிந்தா பின்னாலிருந்து. அவர் மனதில் ஓடியதைப் படித்தவள்போல இருந்தது, ஆனால் வெறும் பேச்சுக்குத்தான் சொன்னாள். "எங்க காலனிக்கு மூணு வேன் வந்துச்சு. தேவா தம்பிதான் அனுப்பிச்சிச்சு. பிள்ளைக்குப் பொட்டு வெச்சி சண்டைக்கு அனுப்பன தாய்மாருங்க பொறந்த மண்ணுன்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டனாங்க. நானும் தட்டனேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டு எப்படித் திரும்புவது? மாநாடு நடந்தது, கடிதம் கொடுத்து ஐந்தாம் நாள். மகனுடைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டிருந்தவன் அனுப்பிய வேனில் ஏறி வந்து, அதை வாங்கித் தராதவன் பேச்சுக்கு இவள் கை தட்டியிருக்கிறாள். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சண்டை எங்கே நடந்தாலும் ஆள் எந்தத் தெருவிலிருந்து போகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மச்சு வீட்டுத் தெருவிலிருந்து போவதில்லை. ஒரு காணி நிலமும் இல்லாமல், ஃபிட்டர் படிப்பை வைத்துக்கொண்டு, எங்கேயாவது போனால்தான் வாழ்வு என்று இருக்கிற தெருவிலிருந்து போகிறது. அந்தத் தெரு அப்படியே இருப்பதற்கும் அவருடைய நீல மைக்கும் சம்பந்தம் உண்டு. இதையும் அவர் அன்றைக்குத்தான் யோசித்தார்.

டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஜெசிந்தாவின் போன் அடித்தது. அருள்தான். அவள் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் முகம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை இல்லையாம், இன்றைக்கே லாரியில் ஏற்றுகிறார்களாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்லார் போனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம். அவள் கூச்சல் போடவில்லை. ஐயா என் பக்கத்துலதான் இருக்காரு, கலெக்டரு வரைக்கும் போய் வந்துட்டோம், பயப்படாத, ஐயாகிட்ட பேசு என்று சொல்லிப் போனை முன் சீட்டுக்கு நீட்டினாள்.

தாண்டவராயன் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு இறங்கினார். புளியமரத்தடியில் நின்று, சொல்லு தம்பி என்றார். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம், யாரோ எதையோ இழுக்கிற சத்தம்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களாய்யா?" என்று கேட்டான் பையன்.

இல்லை, தள்ளித்தான் நிற்கிறேன் என்றார்.

"அந்த லெட்டரு நீலம்னு எனக்குத் தெரியுங்கய்யா," என்றான். குரலில் சண்டைக்கு வருகிற தோரணை இல்லை. "ஏர்போர்ட்டுல தேவா அண்ணன் சொல்லிச் சிரிச்சாரு. அம்மாவுக்குத் தெரியாது. அதப் பெருசா நம்பிக்கினு இருக்காங்க, கோயிலுக்குப் போனாக்கூட பைபிளோட எடுத்துக்கினு போறாங்க. நான் இல்லாங்காட்டியும் அவங்களுக்கு அது ஒண்ணாவது இருக்கட்டும். நீங்க சொல்லிடாதீங்கய்யா."

சொல்ல மாட்டேன் என்றார் தாண்டவராயன். அப்புறம், "இன்னிக்கிப் பச்சையில போடறேன் தம்பி. இப்பவே போய்ப் போடறேன்," என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது.

பையன், இங்க யாருக்குங்கய்யா அது தெரியப்போவுது என்றான். சொன்னது தப்பாகிவிட்டதோ என்று நினைத்தவனாக, சரிங்கய்யா, போட்டு அனுப்புங்க, நான் ஒரு தபா பாத்துடறேன் என்றான். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். லைன் அறுந்துவிட்டது. தாண்டவராயன் போனைக் காதில் வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், பேசிக்கொண்டிருப்பதாக அவள் நினைக்கட்டும் என்று.

திண்டிவனத்துக்கு வந்துசேர்ந்தபோது மணி இரண்டு. காலையில் வந்த சனத்தில் பாதிப் பேர் இன்னும் வெயிலில் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போனார். மணிமாறன் சட்டையில் வேர்வை வழிய டைப் அடித்தார். தூதரகத்துக்கு ஒரு கடிதம். இந்த முறை பழைய வாசகம் வேண்டாம் என்று தாண்டவராயன் தானே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். அருள் என்ற இந்தப் பையன் என் ஊர்ப் பிள்ளை, வேலைக்கென்று கூட்டிப்போய் ஏமாற்றிப் போரில் தள்ளப்பட்டவன், அவன் தாய்க்கு வேறு பிள்ளை இல்லை, உயிரோடு திருப்பி அனுப்ப வேண்டும். எழுதி முடித்ததும் பச்சைப் பேனாவை எடுத்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு அழுத்திக் கையெழுத்துப் போட்டதில்லை. நிப்பு காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தது.

ஜெசிந்தாவின் போனிலேயே மணிமாறன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அருளுக்கு அனுப்பினார். ஒரு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்தால் ரெண்டாவது டிக் விழும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. மேசைக்கு முன்னால் நின்றபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலெக்டர் அலுவலகத்துக்கு மெயில் போனது. டெல்லிக்குப் போனது. அஞ்சு நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. சிக்னல் இருக்காதும்மா, லாரியில ஏத்தும்போது எங்க பாப்பான் என்று மணிமாறன் சமாதானம் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சும்மா நிற்க முடியாமலோ என்னவோ, ஜெசிந்தா மேசைமேல் இருந்த புதுக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். ஒயர்கூடையிலிருந்து பழைய லேமினேஷனையும் எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், ஆனால் நிறம் பார்க்க எழுத்து எதற்கு?

"இது பச்சையா இருக்குதுங்களே," என்றாள்.

மணிமாறன் இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறவர். எத்தனையோ பேர் எப்படி எப்படியோ கேட்டும் வாயைத் திறக்காதவர். அன்றைக்கு இரக்கம் அவர் புத்தியைக் கெடுத்துவிட்டது. அவளுக்குத் தெம்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பச்சையில போட்டா அது கட்டாயம் நடந்தே ஆவணும்னு ஐயா சொல்றாருன்னு அர்த்தம்மா. ஆபீசருங்க எல்லாருக்கும் தெரியும். நீ தைரியமா இரு," என்றார்.

ஜெசிந்தாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம் அவள் கண் மெதுவாகப் பழைய கடிதத்துக்குப் போனது. "அப்ப இது?" என்றாள்.

மணிமாறன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தாண்டவராயனைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வையில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற பார்வைதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தாண்டவராயனுக்கு வாய் வரை வந்தது. சொல்லி, அவள் காறித் துப்பினால் வாங்கிக்கொள்ளலாம், அது அவருக்குப் பெரிய ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் சொல்லிடாதீங்கய்யா என்று அந்தப் பையன் கேட்டிருந்தான். அவனுக்கென்று இவரால் காப்பாற்ற முடிந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். எத்தனையோ பொய்யை அநாயாசமாகச் சொன்ன மனிதர், இந்தப் பொய்யைச் சொல்ல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கிப் பச்ச மை தீந்து போச்சும்மா," என்றார். "அதான் நீலத்துல போட்டேன்."

அவள் நம்பினாள். ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பினாள். லேமினேஷனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அந்த நீலக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். காலையிலிருந்து அழாதவள், அப்போது அழுதாள்.

"மை இல்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயா," என்றாள். "கடை எதிர்லதான இருக்குது. நான் ஓடிப்போய் வாங்கியாந்து குடுத்திருப்பேனே."

அவள் கையிலிருந்த போனில் அப்போதும் ஒரே ஒரு டிக்தான் இருந்தது.